தடித்த தோல், கசியும் தோல்

தோல் தடிமனாக இருந்தால் உடலுக்குக் கூடுதல் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. பரம்பரையாகத் தோல் தடித்துப்போகும் நோய்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. கடுமையான வகைகளில், சாதாரணத் தோலைவிடப் பல மடங்கு நீர் அந்தத் தடித்த தோல் வழியாகவே ஆவியாகி வெளியேறுகிறது. கூடவே உடல் சூடும் போய்விடுகிறது, கிருமிகள் எளிதாக உள்ளே வருகின்றன. உடல் முழுக்கக் கெட்டியான படலத்தோடு பிறக்கும் குழந்தைக்கு, ஓரிரு நாளிலேயே நீரிழப்பு ஏற்பட்டு இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடலாம். பார்க்கத் தடிப்பு, உண்மையில் கசிவு. இந்த ஒரு முரணைப் பிடித்துக்கொண்டால் இந்த நோய்களில் பெரும்பாலானவை விளங்கிவிடும். இவற்றோடு வாழ்பவர்களை ஏன் தேய்த்துக் குளிக்கச் சொல்லித் துன்புறுத்தக் கூடாது என்பதும் விளங்கும்.

இவற்றை இரண்டு பெரிய குடும்பங்களாகப் பார்க்கலாம். உடல் முழுவதும் அல்லது பெரும்பகுதியில் தோல் தடித்துச் செதில் செதிலாக உதிர்வது இக்தியோசிஸ். தமிழில் மீன்செதில் நோய் என்கிறோம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் தடிப்பது இன்னொரு குடும்பம். இக்தியோசிஸ் குடும்பத்துக்கு மட்டுமே 50-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் காரணமாக இருக்கின்றன. இவை எதுவும் தொற்றுநோய் அல்ல. சுத்தக் குறைவாலும் வருவதில்லை.

தோலின் மேலடுக்கில் அடியில் இருக்கும் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. புதிதாகப் பிறந்த செல் மெல்ல மேலே நகர்கிறது. போகும் வழியில் கெரட்டின் என்ற புரத இழைகளை நிரப்பிக்கொள்கிறது, தட்டையாகிறது, உட்கருவை இழக்கிறது, கடைசியில் உயிரற்ற தகடாகி மேற்பரப்பை அடைந்து உதிர்கிறது. பிறப்பு முதல் உதிர்வு வரை ஏறக்குறைய ஒரு மாதம். உடலின் பெரும்பகுதியில் அந்த உயிரற்ற தகடுகளின் அடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் நம் உடலின் நீரைக் காத்து நிற்பது அதுதான்.

அந்த அடுக்கை விளக்க மருத்துவர்கள் செங்கல் சுவரைத்தான் காட்டுவார்கள். செல்கள் செங்கல், அவற்றுக்கு இடையில் இருக்கும் கொழுப்பு சாந்து. செங்கல்லுக்குள் கெரட்டின் இழைகள் இருக்கின்றன. அவற்றைக் கட்டாகச் சேர்த்துப் பிடிப்பது ஃபிலாக்ரின் என்ற புரதம். செங்கல்லின் வெளி உறையைத் தைத்து இறுக்குவது டிரான்ஸ்குளூட்டமினேஸ் 1 என்ற நொதி. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் கலந்த சாந்து, செல்லுக்குள் சின்னச் சின்னப் பொதிகளாகத் தயாராகி வெளியே கொட்டப்படுகிறது. பொதிகளுக்குள் கொழுப்பை ஏற்றும் வேலை ஏபிசிஏ12 என்ற புரதத்துடையது. செல்லையும் செல்லையும் பூட்டி வைப்பவை டெஸ்மோசோம்கள். நேரம் வந்ததும் அந்தப் பூட்டுகளை வெட்டி, பழைய செல்லை உதிர விடுவதற்குத் தனி நொதிகள் இருக்கின்றன.

இதில் எந்த ஒரு பாகம் பழுதானாலும் சுவர் கசியும். கசிவை உணர்ந்த உடல் சும்மா இருப்பதில்லை. அடியில் உள்ள செல்களை வேகமாகப் பெருகச் செய்து, மேலே மேலே அடுக்குகிறது. ஆரோக்கியமான தோலிலேயே இதைப் பார்க்கலாம். ஒட்டும் நாடாவை ஒட்டி ஒட்டி எடுத்து மேலடுக்கைச் சிதைத்தால் அடியில் செல் பிரிவு கூடுகிறது. பரம்பரை நோயில் புதிதாக வரும் செல்லிலும் அதே பழுது இருப்பதால், எவ்வளவு அடுக்கினாலும் கசிவு நிற்பதில்லை, அடுக்குவதும் நிற்பதில்லை. ஆக, நாம் பார்க்கும் தடிப்பு பெரும்பாலும் உடலின் பழுதுபார்க்கும் முயற்சி. நோயின் வேர் வேறிடத்தில் இருக்கிறது.

எல்லா வகையிலும் கதை இதுவே என்று சொல்ல முடியாது. சிலவற்றில் சுவர் ஓரளவு சரியாகவே கட்டப்படுகிறது, உதிர்வதுதான் தடைப்படுகிறது. ஆண்களைப் பாதிக்கும் எக்ஸ் குரோமோசோம் வகை அப்படிப்பட்டது. ஸ்டீராய்டு சல்ஃபேட்டேஸ் என்ற நொதி இல்லாததால் கொலஸ்ட்ரால் சல்ஃபேட் தோலில் தேங்குகிறது. அது பூட்டு வெட்டும் நொதிகளைத் தடுக்கிறது. செல்கள் உதிராமல் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன. சில ஆயிரம் ஆண்களில் ஒருவருக்கு இது இருக்கிறது. கழுத்தின் பக்கவாட்டிலும் உடலிலும் கால்களிலும் பழுப்பு நிறத்தில் பெரிய செதில்கள் தெரியும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தப்பிவிடும்.

இந்த வகையின் முதல் தடயம் பல சமயம் குழந்தை பிறப்பதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது. அதே நொதி நஞ்சுக்கொடிக்கும் வேண்டும். அது இல்லாவிட்டால் கர்ப்பிணியின் உடலில் எஸ்ட்ரியால் என்ற ஹார்மோன் குறைகிறது, பிரசவ வலி தானாகத் தொடங்கத் தாமதமாகலாம், அல்லது பிரசவம் இழுத்துக்கொண்டு போகலாம். சில பையன்களுக்கு விரை விதைப்பைக்குள் இறங்காமல் இருப்பதும் உண்டு. அதைச் சிறுவயதிலேயே பார்த்துச் சரிசெய்ய வேண்டும். தோல் மருத்துவரிடம் செதிலை மட்டும் காட்டிவிட்டு வந்தால் இது விடுபட்டுப் போகும்.

எல்லாவற்றிலும் பரவலானது இக்தியோசிஸ் வல்காரிஸ். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கு. 2006-ல், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இர்வின் மக்லீன் தலைமையில் இயங்கிய குழு ஃபிலாக்ரின் மரபணுவின் பழுதே காரணம் என்று கண்டறிந்தது. ஒரு பிரதி பழுதானால் லேசான வறட்சி, இரண்டும் பழுதானால் தெளிவான செதில். முழங்கால் கீழ் முன்பக்கம் அதிகம், முழங்கை முழங்கால் மடிப்புகளில் இல்லை, உள்ளங்கை ரேகைகள் ஆழமாக இருக்கும். ஃபிலாக்ரின் சிதைந்து உண்டாகும் பொருட்கள்தான் தோலின் இயற்கையான ஈரப்பதம் என்பதால், காற்று ஈரமாக இருக்கும் பருவத்தில் குறைந்தும் வறண்ட குளிர்காலத்தில் கூடியும் தெரியும். இதே பழுது ஒவ்வாமைத் தோல் அழற்சிக்கும் வழிவிடுகிறது. தனக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிப்பவர்கள் ஏராளம்.

கடுமையான வகைகள் பிறக்கும்போதே தெரியும். குழந்தை பளபளப்பான, இறுக்கமான சவ்வு ஒன்றில் சுற்றப்பட்டதாகப் பிறக்கும். கொலோடியன் குழந்தை என்பார்கள். இமைகளும் உதடுகளும் வெளிப்பக்கமாக இழுபட்டிருக்கும். சில வாரங்களில் சவ்வு உரிந்து விழும். அதன் பிறகே எந்த வகை என்பது தெரியவரும். சிலருக்குத் தோல் கிட்டத்தட்ட இயல்பாகிவிடுகிறது. சிலருக்குப் பெரிய தகடுகளாகச் செதில் வரும் லாமெல்லர் வகை, சிலருக்குச் சிவந்த தோலில் மெல்லிய வெள்ளைச் செதில் வகை. அந்த முதல் வாரங்களில் குழந்தைக்கு வேண்டியது ஈரப்பதம் கூட்டப்பட்ட இன்குபேட்டர், வாசனையில்லாத மென்களிம்பு, சோடியம் அளவைத் தொடர்ந்து கண்காணிப்பது, கண் பராமரிப்பு. சவ்வைக் கையால் உரிக்கவே கூடாது. ஆர்வத்தில் உரித்தால் தொற்றுக்குக் கதவைத் திறந்துவிட்டதாக ஆகும்.

லாமெல்லர் வகைக்குப் பெரும்பாலும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் 1 பழுதுதான் காரணம், 1995-ல் கண்டுபிடித்தார்கள். அதே மரபணுவில் வேறு இடத்தில் பழுது விழுந்தால் விசித்திரமான ஒரு வடிவம் வருகிறது. நீச்சல் உடை மூடும் பகுதியில், அதாவது நடு உடலில், செதில் இருக்கும். கை கால் முகம் ஏறக்குறைய நன்றாக இருக்கும். அந்தப் பழுதான நொதி கொஞ்சம் குளிர்ச்சியில் வேலை செய்கிறது, சூட்டில் நின்றுவிடுகிறது. நடு உடல் சூடானது, கை கால்கள் அதைவிடக் குளிர்ந்தவை. உடலின் வெப்பநிலை வேறுபாட்டை நோயே தோலின்மேல் வரைந்து காட்டுகிறது.

எல்லாவற்றிலும் கடுமையானது ஹார்லிக்வின் இக்தியோசிஸ். சாந்தை ஏற்றும் ஏபிசிஏ12 அறவே செயலிழந்த நிலை. தடித்த தகடுகள், இடையில் ஆழமான வெடிப்புகள், மூச்சுவிடவும் பால் குடிக்கவும் சிரமம். 1750-ல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஆலிவர் ஹார்ட் என்ற போதகர் தன் நாட்குறிப்பில் இதை முதன்முதலாக விவரித்தார். அப்போதிருந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இது மரணத் தீர்ப்பாகவே கருதப்பட்டது. மரபணு 2005-ல் பிடிபட்டது. 2011-ல் வெளியான ஓர் ஆய்வு 45 குழந்தைகளைத் தொகுத்துப் பார்த்ததில், 25 பேர் உயிர் பிழைத்திருந்தார்கள். வைட்டமின் ஏ-யை ஒத்த ரெட்டினாய்டு மருந்தைச் சீக்கிரம் தொடங்கியவர்களில் பிழைத்தவர்கள் அதிகம். இன்று பள்ளி, கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் ஹார்லிக்வின் நோயாளிகள் உலகில் இருக்கிறார்கள். பிரசவ அறையில் இந்தக் குழந்தையைப் பார்த்ததும் நம்பிக்கையைக் கைவிட்டுவிடும் வழக்கம் இனியும் தொடரக் கூடாது என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

எபிடெர்மோலிடிக் இக்தியோசிஸ் முதலில் ஆளை ஏமாற்றும். பிறந்தவுடன் கொப்புளம், உரிந்த தோல். கொப்புள நோய் என்றே நினைக்கத் தோன்றும். மாதங்கள் போகப்போகக் கொப்புளம் குறைந்து தடிப்பு கூடுகிறது, மூட்டு மடிப்புகளில் வரிவரியாகத் தடித்த முகடுகள் வருகின்றன. காரணம் கெரட்டின் 1 அல்லது கெரட்டின் 10-ல் உள்ள பழுது, 1992-ல் தெரியவந்தது. இழைகள் உடைவதால் செல்லே நொறுங்குகிறது. இதன் நெருங்கிய உறவான ஒரு அரிய வகையில், சிவந்த செதில் தோலின் நடுவே சின்னச் சின்ன நல்ல தோல் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் முளைக்கின்றன. அந்த இடங்களில் செல்கள் தங்கள் குரோமோசோமை மறுசேர்க்கை செய்து, பழுதான பிரதியைத் தாங்களாகவே கழற்றிவிட்டிருக்கின்றன என்று 2010-ல் நிரூபித்தார்கள். இயற்கை தானே செய்துகொள்ளும் மரபணு சிகிச்சை இது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

எபிடெர்மோலிடிக் வகையில் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. பிறவியிலிருந்து உடலில் ஒரு பக்கமாகக் கோடுபோல ஓடும் சொரசொரப்பான தடிப்பு சிலருக்கு இருக்கும். கருவில் வளரும்போது சில செல்களில் மட்டும் பழுது விழுந்ததன் அடையாளம் அது. அது கெரட்டின் 10 பழுதாக இருந்து, முட்டை அல்லது விந்தணுவிலும் பரவியிருந்தால், பிறக்கும் குழந்தைக்கு உடல் முழுவதும் நோய் வரலாம்.

இனி உள்ளங்கை, உள்ளங்கால். இங்கேதான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் வெறும் ஆணி, காய்ப்பு என்று ஒதுக்கப்படும் சில தடிப்புகளுக்குப் பின்னால் உயிரைப் பறிக்கும் நோய் இருக்கிறது.

இவற்றில் அடிக்கடி காணப்படும் வகைக்குக் காரணம் கெரட்டின் 9. உள்ளங்கை, உள்ளங்காலில்தான் இந்தக் கெரட்டின் முக்கியமாக உருவாகிறது, அதனால் தடிப்பும் அங்கே மட்டும். வலியும் வெடிப்பும் தொல்லைதான், ஆனால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படுவதில்லை. ஏட்ரியாட்டிக் கடலில் குரோவேஷியாவின் மிலியெட் தீவில் இன்னொரு வகை 1826-லேயே பதிவானது. லூக்கா ஸ்டுல்லி என்ற மருத்துவர் எழுதிவைத்தார். தடிப்பு உள்ளங்கையோடு நிற்காமல் புறங்கைக்கும் ஏறும், துர்நாற்றம் இருக்கும். ஒதுங்கிய தீவில் உறவுக்குள்ளேயே திருமணங்கள் நடந்ததால் பழுதான பிரதிகள் இரண்டும் ஒரே குழந்தையில் சேரும் வாய்ப்பு கூடியது. மரபணு 2001-ல் தெரிந்தது.

கிரேக்கத்தின் நாக்சோஸ் தீவின் கதை வேறு. 1986-ல் நிகோஸ் புரோட்டோநோட்டாரியோஸ் என்ற இதய மருத்துவரும் உடன் இருந்தவர்களும் அங்கே சில குடும்பங்களில் ஒரு தொடர்பைக் கவனித்தார்கள். பிறக்கும்போதே கம்பளிபோல் சுருண்ட முடி. குழந்தை தவழ்ந்து நடக்கத் தொடங்கும் காலத்தில் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிக்கும். வளரிளம் பருவம் வந்ததும் இதயத் துடிப்பு தாறுமாறாகும், சிலர் மயங்கி விழுவார்கள், சிலர் திடீரென்று இறந்துபோவார்கள். 2000-ல் காரணம் கிடைத்தது: பிளாக்கோகுளோபின். டெஸ்மோசோம் பூட்டில் ஓர் அங்கமாக இருக்கும் புரதம் அது. ஓயாமல் இழுபடும் இரண்டு இடங்கள் நம் உடலில் இருக்கின்றன. ஒன்று நடக்கும், பிடிக்கும் தோல்; மற்றது துடிக்கும் இதயத் தசை. இரண்டிலும் செல்களைச் சேர்த்துப் பிடிப்பது அதே பூட்டு. தோலில் அது விட்டுப்போனால் தடிப்பு, இதயத்தில் விட்டுப்போனால் தசை செத்துக் கொழுப்பும் நாரும் நிரம்புகின்றன. டெஸ்மோபிளாக்கின் என்ற பக்கத்துப் புரதம் பழுதானாலும் இதே சேர்க்கை வரும். அதில் இடது இதய அறை பெரிதாகப் பாதிக்கப்படும். சுருட்டை முடியும் தடித்த உள்ளங்காலும் சேர்ந்திருக்கும் ஒரு குழந்தைக்கு இசிஜியும் எக்கோவும் எடுத்துப் பார்ப்பது அவசியம். துடிப்பைச் சீர்செய்யும் மருந்தும் உடலுக்குள் பொருத்தும் டிஃபிப்ரிலேட்டரும் உயிரைக் காக்கும். தோல் பத்து வருடம் முன்னதாகவே எச்சரித்துவிட்டது, படிக்கத்தான் ஆள் வேண்டும்.

இதேபோல, லிவர்பூலின் இரண்டு குடும்பங்களில் தடித்த உள்ளங்காலும் உணவுக்குழாய்ப் புற்றுநோயும் சேர்ந்து வருவதை 1958-ல் பதிவுசெய்தார்கள். அந்தக் குடும்பத்தினருக்கு ஆண்டுதோறும் எண்டோஸ்கோபி தேவை. உள்ளங்கை தடித்து, நான்கு ஐந்து வயதில் பால்பற்கள் எல்லாம் ஈறு அழுகி விழுந்துவிடும் பாபியோன்–லெஃபேவ்ர் வகையில், பழுது கத்தெப்சின் சி என்ற நொதியில். வெள்ளை அணுக்களின் ஆயுதங்களைத் தயார்செய்வது அந்த நொதி. காது கேளாமையோடு சேர்ந்து வரும் வகையும் உண்டு. நகங்கள் தடித்து, உள்ளங்காலில் தாங்க முடியாத வலி தரும் பேக்கியோனிக்கியா கன்ஜெனிடா இன்னொன்று. அதில் தடிப்பைவிட வலியே பெரிய நோய். தவழ்ந்து போகும் பெரியவர்கள்கூட இருக்கிறார்கள்.

பரம்பரையாக வருவது என்றதும் குடும்பத்தில் எழும் முதல் கேள்வி, யார் பக்கத்திலிருந்து வந்தது என்பதுதான். லாமெல்லர், ஹார்லிக்வின் போன்றவற்றில் பெற்றோர் இருவருமே ஒரு பழுதான பிரதியை அறியாமல் சுமக்கிறார்கள். இருவருக்கும் நோய் கிடையாது, ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு வாய்ப்பு. கெரட்டின் பழுதுகளில் ஒரு பிரதி போதும், பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் பெற்றோரில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவே பழுது விழுவதும் மிகச் சாதாரணம். எக்ஸ் குரோமோசோம் வகையில் தாய் வழியாகப் பையன்களுக்கு. யாரும் எதையும் தின்றதாலோ செய்ததாலோ வந்ததல்ல. பழி சுமத்த இங்கே ஆள் இல்லை.

மரபு வழியைத் தவறாகப் புரிந்துகொண்டு அறிவியலே நெடுங்காலம் தடுமாறியதும் உண்டு. 1730-களில் எட்வர்ட் லாம்பர்ட் என்ற ஆங்கிலேயச் சிறுவனை லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டினார்கள். முகம், உள்ளங்கை, உள்ளங்கால் தவிர உடல் முழுவதும் கருமையான முட்களாகத் தடித்திருந்தது. முள்ளம்பன்றி மனிதன் என்று பெயர் வைத்தார்கள். அவருடைய பிள்ளைகளுக்கும் அது வந்தது, வம்சத்தினரை ஐரோப்பா முழுவதும் காட்சிப்பொருளாகக் கொண்டுபோனார்கள். ஆண் வழியாக மட்டுமே, எல்லா மகன்களுக்கும் வரும் நோய் என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. 1958-ல் பென்ரோஸ், ஸ்டெர்ன் என்ற மரபியலாளர்கள் பழைய தேவாலயப் பதிவேடுகளைத் தேடிப் பார்த்து, பெண்களுக்கும் இருந்ததையும் சில மகன்களுக்கு இல்லாததையும் காட்டி அதை மறுத்தார்கள்.

சிகிச்சைக்கு வருவோம். மூலம் கசிவு என்பதால் அன்றாட வேலை சுவரை மூடுவதுதான். குளித்த ஈரம் காயும் முன்பே களிம்பு பூச வேண்டும். நாளுக்குப் பல முறை, வாழ்நாள் முழுவதும். வெந்நீரில் ஊறவைத்து, மென்மையான செதிலை லேசாக எடுப்பது சரி. காய்ந்த தோலைச் சுரண்டுவது கசிவைக் கூட்டி, அடுக்கும் வேலையை மேலும் முடுக்கிவிடும். யூரியா, லாக்டிக் அமிலம் கலந்த களிம்புகள் தடிப்பை இளக்கும். சாலிசிலிக் அமிலத்தைச் சின்னக் குழந்தைகளின் உடலில் பரவலாகப் பூசக் கூடாது, கசியும் தோல் வழியாக அது இரத்தத்தில் ஏறி நச்சாகும். நெதர்ட்டன் நோய் என்ற இன்னொரு இக்தியோசிஸ் வகையில், நோய் எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் களிம்பே இரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கிறது. தடிப்பைப் பார்த்து மருந்து உள்ளே போகாது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் தவறிவிடுகிறார்கள். பாரஃபின் களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, சிகரெட் பக்கத்தில் கவனம் தேவை.

வியர்வைத் துளைகள் அடைபடுவதால் வெயிலிலும் விளையாட்டிலும் உடல் சூடு விறுவிறுவென ஏறும். பள்ளிக்கு இதைத் தெரிவித்து, தண்ணீர் தெளித்துக்கொள்ளவும் நிழலில் உட்காரவும் அனுமதி வாங்கி வைக்க வேண்டும். காதுக்குள் செதில் சேர்ந்து கேட்கும் திறன் குறையும், அவ்வப்போது சுத்தம் செய்தால் சரியாகும். நீரையும் சூட்டையும் இழப்பதால் குழந்தைக்குக் கலோரி அதிகம் வேண்டும். வைட்டமின் டி குறைவதும் பரவலாகக் காணப்படுகிறது.

அசிட்ரெடின் போன்ற ரெட்டினாய்டு மாத்திரைகள் தடிப்பை நன்றாகக் குறைக்கும். ஆனால் கருவைக் கடுமையாகப் பாதிக்கும். அசிட்ரெடினை நிறுத்திய பிறகும் 3 ஆண்டுகள் கர்ப்பம் தரிக்கக் கூடாது. எபிடெர்மோலிடிக் வகையில் மருந்து கொஞ்சம் கூடினாலும் தோல் உரிந்து புண்ணாகும்.

பழுதான பாகம் எது என்று தெரிந்தால் சில நோய்களில் சிகிச்சையே மாறிவிடுகிறது. ரெஃப்சம் நோயில், உணவுக் கொழுப்போடு வரும் ஃபைட்டானிக் அமிலத்தை உடலால் சிதைக்க முடிவதில்லை. பார்வைக் குறைவு, நரம்புப் பாதிப்பு, செதில் எல்லாம் அதன் தேக்கத்தால் வருபவை. ஆடுமாடு இறைச்சி, பால் கொழுப்பு, சில மீன்கள் ஆகியவற்றைக் குறைத்தால் அளவு இறங்குகிறது, செதிலும் குறைகிறது. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் தடிக்கும் சைல்டு (CHILD) என்ற நோயில் கொலஸ்ட்ரால் உற்பத்திப் பாதையில் அடைப்பு. இல்லாத கொலஸ்ட்ராலைக் களிம்பாகக் கொடுத்து, அடைப்புக்கு முன்னால் தேங்கும் பொருளை லோவாஸ்டாட்டின் என்ற மருந்து கொண்டு தடுத்தபோது தோல் தெளிந்ததாக 2011-ல் பதிவுசெய்தார்கள். டிரான்ஸ்குளூட்டமினேஸ் 1 மரபணுவைக் களிம்பு வழியாகவே தோல் செல்லுக்குள் அனுப்பும் முயற்சியும் மனிதர்களிடம் தொடக்கக் கட்டச் சோதனைக்கு வந்திருக்கிறது.

அதனால், செதிலோ தடித்த உள்ளங்காலோ உள்ள குழந்தைக்கு வழி இருந்தால் மரபணுப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. பூசும் களிம்பு பெரிதாக மாறாமல் போகலாம். ஆனால் இதயத்தைப் பார்க்க வேண்டுமா, பல்லைப் பார்க்க வேண்டுமா, உணவை மாற்ற வேண்டுமா, அடுத்த கர்ப்பத்தில் 10 முதல் 12 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கலாமா என்பதற்கெல்லாம் பதில் அந்த அறிக்கையில்தான் இருக்கிறது.